கைக்குட்டை போட்ட இடம்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகையில் 'இன்டர்நேஷனல்' என்ற சொல்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் இருக்கும். பேத்தமங்களா போகிற சாலையில், ஒரு தக்காளித் தோட்டத்துக்கு எதிரே, நீலம் அடித்த மூன்று மாடிக் கட்டடம். நான் அங்கே ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. வெளிநாட்டுப் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. என் வகுப்பில் ரொம்பத் தொலைவிலிருந்து வந்து சேர்ந்தவன் முல்பாகல்காரன். இதைச் சொன்னால் எங்கள் பிரின்சிபாலுக்கு முகம் சுருங்கிவிடும். இன்டர்நேஷனல் என்பது இடம் இல்லை, பார்வை என்பார். பெங்களூர்க்காரர். சனிக்கிழமை ஆனால் ஊருக்கு ஓடிவிடுவார். ஆனாலும் நல்ல மனிதர்.

அந்தப் பார்வையில் எனக்கு நிஜமாகவே பிடித்த ஒன்று வருடக் கடைசியில் வரும். ஐந்தாம் வகுப்போடு ஆரம்பப் பள்ளி முடிகிறது. அதனால் கடைசிப் பரீட்சைக்குப் பதிலாக, ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆறு வாரம் அதன் பின்னாலேயே அலைந்து, கண்டுபிடித்ததைப் பெற்றோர் முன்னால் வைத்துச் சொல்ல வேண்டும். 'எக்சிபிஷன்' என்று பெயர். மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது. நான் படித்த காலத்தில் கேள்வி கேட்டால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். அதனாலோ என்னவோ, பத்து வயதுப் பிள்ளை ஒன்று 'எனக்கு இது தெரியணும்' என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைந்துவிடும்.

அந்த வருடமும் நல்ல நல்ல கேள்விகள் வந்தன. தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய சயனைடு மேட்டு மண் மார்ச் மாதக் காற்றில் எங்கள் வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்று ஒருத்தி கேட்டிருந்தாள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் வெங்காயம் விற்கிறவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை பாஷை பேசுகிறார் என்று இன்னொருவன். பேத்தமங்களா தண்ணீர் எங்கள் தெருக்குழாய்க்கு வருவதை நிறுத்தியது யார் என்று போலீஸ்காரர் விசாரிப்பதைப் போல ஒருவன் எழுதியிருந்தான்.

கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண் இருந்தாள். கோரமண்டலில் வீடு. அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தார். அப்பாவுக்குப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. அவள் அதிகம் பேச மாட்டாள். பேசினால் நறுக்கென்று நாலு வார்த்தை, அவ்வளவுதான். அவள் படிவத்தில் எழுதியிருந்த கேள்வி இது: ஒரு மனிதர் தினமும் ஐந்து மணி நேரம் ரயிலில் என்ன செய்கிறார்? அந்தப் படிவத்தில் 'உலகத்தோடு உள்ள தொடர்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில், எல்லா நாட்டிலும் ரயில் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

யார் அந்த மனிதர் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. தங்கச் சுரங்கம், எங்கள் பேச்சில் மைன்ஸ், மூடியபின் எங்கள் ஊரில் பாதிப்பேர் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டியைப் பிடித்துப் பெங்களூர் போய், இருட்டியபின் திரும்புகிறார்கள். இன்றைக்கும் அதற்கு 'ஷிப்டுக்குப் போறது' என்றுதான் பேச்சு. இந்தப் பெண் எழுந்திருக்கும் முன் அப்பா போய்விடுவார். அவர் வரும்போது இவளுக்குக் கண் சொருகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் அவர் படுத்தால் சாயந்திரம் வரை எழுப்பக் கூடாது, அது அம்மா போட்ட சட்டம். பாவம், யாரைச் சொல்வது.

பிப்ரவரி முடிகிற நேரத்தில் அவள் அம்மா ஒரு கடிதம் கொண்டுவந்து தந்தார். அப்பா எழுதியது. வருடக் கடைசியில் மகளுக்கு டி.சி. தயார் செய்துவிடும்படி கேட்டிருந்தார். ஆறாம் வகுப்புக்கு ராபர்ட்சன்பேட்டையில் வேறொரு பள்ளியில் சேர்க்கப் போகிறாராம். ஏன் என்று கேட்டேன். அந்தம்மா தரையைப் பார்த்தபடி, அவருக்கு இந்தப் படிப்பு புரியவில்லை என்றார். எப்போது கேட்டாலும் பொண்ணு அட்டை வெட்டுகிறாள், படம் ஒட்டுகிறாள், ஒரு ரேங்க் கார்டுகூட வீட்டுக்கு வந்ததில்லை, இதற்கா பள்ளிக்கூடம் என்று கேட்கிறார் என்றார்.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், நா வேற ஸ்கூலுக்குப் போவல. எங்கப்பா கைல நீங்க சொல்லுங்க மிஸ்."

அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. வாரக் கணக்காக ஒரு கேள்விக்காகத் தெருத் தெருவாக அலைந்துகொண்டிருந்த பிள்ளை. கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நின்று பேச இப்போதுதான் ஆரம்பித்திருந்தாள். அவளைப் பிடுங்கி எண்பது பேர் இருக்கிற வகுப்பில் நட்டால் மறுபடி வாயைத் திறக்க மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சொல்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

சாயந்திரம் போன் செய்தேன். அவர் ரயிலில் இருந்தார். சத்தத்துக்கு நடுவே நான் எக்சிபிஷன் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதெல்லாம் சரி டீச்சர். எம்பொண்ணு எத்தினாவது ரேங்க்? அத மட்டும் சொல்லுங்க."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். என் வீட்டுக்காரரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். அந்தக் கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. அஞ்சு வருஷத்துல ஒரு நாளாவது ஸ்கூல் வாசப்படி மிதிச்சிருக்கீங்களா, வந்து பார்த்தாத்தானே தெரியும் என்று கேட்டுவிட்டேன்.

வண்டிச் சத்தத்துக்கு மேலாக அவர் குரல் ஏறியது.

"நா ஒண்ணும் சும்மா வூட்ல ஒக்காந்துகினு இல்ல டீச்சர்," என்றார். போன் நின்றுவிட்டது.

செய்தது தப்பு என்று அந்த நிமிஷமே தெரிந்தது. இருந்தாலும் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. எக்சிபிஷனுக்கு வந்து ஒருதரம் பார்த்தால் தானாக மனசு மாறும், அப்புறம் என்ன என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பெற்றோருக்கு அழைப்பும் அனுப்பினேன். மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. பெங்களூரில் இருக்கிற கிளைப் பள்ளியிலிருந்து வந்த மாதிரிப் படிவம் அது. நாளை மட்டும் மாற்றிவிட்டு அப்படியே அனுப்பியிருந்தேன்.

மூன்றாம் நாள் பதில் சீட்டுகள் வந்து சேர்ந்தன. வகுப்பில் இருபத்திநாலு பேர். பதினேழு சீட்டில் அப்பாவோ அம்மாவோ வர முடியாது என்று எழுதியிருந்தது. இரண்டு பேருமே வர முடியாதவர்களும் அதில் உண்டு. அந்தப் பெண்ணின் சீட்டில் அம்மா வருவார், அப்பா டியூட்டி என்று இருந்தது. சீட்டுகளை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு பார்த்தேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இந்த ஊரில் யார் இருப்பார்கள்? பென்ஷன்காரர்களும் என்னைப் போன்ற டீச்சர்களும்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இருந்தது.

வெளியூர்க்காரி இப்படிச் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். என் அப்பா மைன்ஸில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவர். நான் படித்த பள்ளியில் ஆண்டு விழா என்றால் ஒரே நாடகத்தை இரண்டு தடவை போடுவோம். முதல் ஆட்டம் பகல் ஷிப்டுக்குப் போகாத அப்பாக்களுக்கு. இரண்டாவது, ஷிப்ட் முடித்து மேலே வந்தவர்களுக்கு. அதே வசனம், அதே மீசை, இரண்டாவது ஆட்டத்தில் மீசை பாதி பிய்ந்து தொங்கும். என் அப்பா குளித்து ஈரம் காயாத தலையோடு நேராக வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அவர் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் எனக்கு வசனம் தானாக வரும். அந்த ஹெட்மாஸ்டர் எந்தப் பார்வையைப் பற்றியும் பேசியதில்லை. எந்த நேரத்துக்கு எந்த அப்பா மேலே வருவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாற்பத்தைந்து வயதில் நான் அதை மறந்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் உண்மையைச் சொன்னேன். பதினேழு பேர் வீட்டில் அப்பாவோ அம்மாவோ வர முடியாதாம், தப்பு என்னுடையது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்றான் ஒருவன். கோயில் இருக்கிறதே என்று நாலு பேர் கத்தினார்கள். வீடியோ எடுத்து அனுப்பலாம் என்றாள் ஒருத்தி. அப்பா போனில் பார்க்கிறதெல்லாம் ரீல்ஸ் மட்டும்தான் என்று இன்னொருத்தி அதை ஊதித் தள்ளிவிட்டாள். அப்போது கடைசி வரிசையிலிருந்து அந்தப் பெண் எழுந்தாள்.

"அவங்கதான் வர முடியாது மிஸ். நாம போலாம்ல? வண்டில பங்காருப்பேட்டை வரிக்கும் எல்லாரும் முழிச்சிகினுதான் இருப்பாங்க. அதுக்கப்பறம்தான் தூங்குவாங்க. நா கேட்டு எழுதிகீறேன்."

வகுப்பு முழுக்கப் போட்ட கூச்சலில் கூரையே பறந்துவிட்டது.

பிரின்சிபாலிடம் போனேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாதுகாப்பு, பெற்றோர் சம்மதம், மேலிடம் என்று வரிசையாகச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை பொது வாகனத்தில் ஒரு கல்விப் பயணம் என்று எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதற்கான சம்மதப் படிவத்தை ஜூன் மாதமே எல்லாப் பெற்றோரிடமும் வாங்கி வைத்திருந்தோம். அந்தப் பயணம் இன்னும் போகவே இல்லை. சனிக்கிழமை எப்படியும் நீங்கள் ஊருக்குப் போகிற வண்டிதானே சார், கூடவே வாருங்கள் என்றேன். இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர் வீதம் அம்மாக்களும் ஆசிரியைகளும் வரவேண்டும், பங்காருப்பேட்டையில் இறங்கி ஸ்கூல் வேனில் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை எக்சிபிஷனும் நடந்தது, வர முடிந்தவர்களுக்காக. இரண்டாவது ஆட்டம் சனிக்கிழமை.

அன்றைக்கு மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. இருபத்திநாலு பிள்ளைகள், சார்ட்டுகள், மண் நிரப்பிய பாட்டில்கள், கூட வந்த அம்மாக்கள். அந்தப் பெண் மிக்சி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் துணியால் மூடி, யாரிடமும் தராமல் தானே சுமந்துகொண்டு வந்தாள். அவள் அப்பா கோரமண்டலில்தான் ஏறுவார். இதைக் கேட்டதும் 'இன்னா கூத்து இது' என்று மட்டும் சொன்னாராம். டி.சி. பற்றிப் பேச்சே எடுக்கவில்லையாம். பள்ளி ஆபீசில் அந்த டி.சி. தயாராகி, என் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பஸ்சில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் வண்டியில் அது ஒரு படி மேலே. ஒவ்வொரு பெட்டியிலும் மாரிக்குப்பத்திலேயே ஏறுகிறவர் ஒருவர், நடுவில் ஏறுகிற எல்லாருக்கும் சேர்த்து இடம் போடுவார். முந்தின நாள் ராத்திரி இறங்கும்போது அவரவர் கைக்குட்டையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் ஏறிய, அந்தப் பெண்ணின் அப்பா வழக்கமாக வரும் பெட்டியில் அந்த வேலை ஒரு பெரியவருடையது. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரர். துணிகளை இருக்கையில் போட்டுவிட்டு, வண்டி புறப்படும்வரை பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பார். போட்ட துணியை யாரும் தொட மாட்டார்கள். வருடக் கணக்காக ஒரே ஆளுக்கு ஒரே இடம்.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்தேன். பெட்டிக்குள் ஏறியதும், சார்ட்டுகளை எங்கே வைப்பது, எதை எங்கே சாய்ப்பது என்று எனக்குப் பதற்றம். இருக்கையெல்லாம் துணி. அரை மணி நேர விஷயம், அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி, எல்லாவற்றையும் சேகரித்து என் துணிப்பையில் போடும்படி பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டேன். அந்தப் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். எடுக்கக் கூடாது மிஸ் என்றாள். சும்மா இரு, எல்லாம் எனக்குத் தெரியும் என்றேன்.

பெரியவர் டீயை முடித்துவிட்டு ஏறினார். இருக்கைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா டீச்சரம்மா, எல்லாத்தியும் வாரிட்டீங்க?"

மறுபடி போட்டுவிடலாமே என்று பையை நீட்டினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் துணிகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பாராம். மேலே இருக்கிறது முதல் இருக்கைக்கு, அடுத்தது அடுத்ததற்கு, அப்படியே போட்டுக்கொண்டு போவாராம். கலந்துவிட்டால் எது யாருடையது என்று அவருக்குத் தெரியாதாம். வண்டி நகர்ந்தது.

அடுத்த ஸ்டேஷனில் பத்துப் பேர் ஏறினார்கள். அப்புறம் இன்னும் பத்து. பெட்டிக்குள் களேபரம். தன் ஜன்னலில் யாரோ இருப்பதாக ஒரு அம்மா. தன் துண்டு எங்கே என்று ஒருவர். நாலு வருஷமா இந்த எடம், இப்போ வந்து எக்சிபிஷன்னா இன்னா அர்த்தம் என்று இன்னொருவர். பிரின்சிபால் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். அதற்குத் தெலுங்கில் ஒரு பதில் வந்தது, அதை இங்கே எழுத வேண்டாம். பிள்ளைகள் சார்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மிரண்டு நின்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டாவது ஆட்டத்தை நானே பாழாக்கிவிட்டேன்.

அப்போதுதான் அந்தப் பெண் அட்டைப்பெட்டியின் துணியை எடுத்தாள்.

பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்திருந்தாள். உள்ளே அதே ரயில்பெட்டி. தீப்பெட்டிகளால் செய்த இருக்கைகள். ஒவ்வொரு தீப்பெட்டியின் மேலும் விரல்நகம் அளவு ஒரு துணித்துண்டு, அம்மாவின் தையல் மிச்சத்திலிருந்து நிறம் பார்த்து வெட்டியது. சிவப்புக் கட்டம், வெள்ளையில் பூ, காவித் துண்டு, துணிக்குப் பதில் மஞ்சள் பிளாஸ்டிக் பை போடுகிறவருக்கு மட்டும் மஞ்சள் பிளாஸ்டிக். ஆறு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலிலும் குழாயடியிலும் நின்று பதினாலு பேரைக் கேட்டு, அவள் இதைக் கட்டியிருக்கிறாள். நான் அந்த ஆறு வாரமும், முடிந்ததா முடிந்ததா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, என் பையை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு துணியாக எடுத்துப் பார்த்து, பெட்டியில் பார்த்து, நடந்தாள். பூப்போட்டது ஜன்னலோரம், அந்த அக்காவுக்கு வாந்தி வரும் என்றாள். காவித் துண்டுக்காரர் சீட்டு ஆடுகிறவர், அதனால் நடுவில் என்றாள். இந்த இரண்டும் எதிரெதிரே இருக்க வேண்டும், ரெண்டு பேரும் சேர்ந்து பீன்ஸ் நறுக்குவார்கள் என்றாள். சத்தம் போட்டுக்கொண்டிருந்த பெரிய மனிதர்கள் எல்லாம் அவள் சொன்ன இடத்தில் போய் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார்கள். பெரியவர் பின்னாலேயே போய், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவள் தவறு செய்தாள். அந்த ஆள் போன வாரம்தான் இடம் மாறினாராம். அதை அங்கேயே பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

அதற்குள் வண்டி கோரமண்டலில் நின்று புறப்பட்டிருந்தது. கதவருகே டிபன் பையோடு ஒருவர் நின்று இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் யார் என்று தெரிந்தது. அதே நெற்றி.

அவள் அவரைப் பார்க்கவில்லை. பையில் கடைசியாக ஒரு நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை இருந்தது. அதை மூன்றாவது வரிசையில் ஓர இருக்கையில் விரித்தாள். பக்கத்தில் மாசமாக இருந்த ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது எங்கப்பா எடம்," என்றாள் அவளிடம். "நீங்க ஒக்காருங்க அக்கா. மாலூர் வரிக்கும் நீங்கதான் ஒக்கார்வீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்கப்பா டோராண்ட நிப்பாரு."

சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள். அவர் அங்கேதான் நின்றிருந்தார். என் கையிலிருந்த அட்டைப்பெட்டியில், கதவு வெட்டிய இடத்தில், நீலச் சட்டை ஒட்டிய தீக்குச்சி மனிதன் ஒருவன் நின்றிருந்தான். மற்ற எல்லாருக்கும் துணித்துண்டு மட்டும்தான், ஆளாக நின்றிருந்த ஒரே பொம்மை அது.

அப்புறம் எக்சிபிஷன் நடந்தது, நடந்ததே. வேறு பெட்டிகளில் வரும் அப்பாக்களும் அம்மாக்களும் சொல்லிவைத்தபடி அன்றைக்கு எங்கள் பெட்டியில் ஏறி நின்றிருந்தார்கள். சயனைடு மண் பாட்டில் கை மாறிக் கை மாறிப் பெட்டியின் கடைசி வரை போனது. வெங்காயக் கடைக்காரரைப் பற்றிச் சொன்ன பையனை மூன்று பாஷையில் கேள்வி கேட்டார்கள், மூன்றிலும் பதில் சொன்னான். தண்ணீர் விசாரணை செய்தவனுக்குச் சாட்சி சொல்லவே நாலு பேர் எழுந்து வந்தார்கள். நான் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கதவருகே அவள் அப்பாவுக்குத் தன் கேள்வியின் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாலூர் வரை நிற்கிறார், அதற்கப்புறம் தூங்குகிறார், தூக்கத்திலும் டிபன் பையை விடுவதில்லை, திரும்பும்போது யாருக்காவது கன்னடத்தில் படிவம் எழுதித் தருகிறார். அவர் குனிந்து கேட்டார். யார் இதெல்லாம் சொன்னது என்று கேட்டார்.

"எல்லாரும்தான். நீ தூங்கிகினு இருந்தப்ப கேட்டேன்."

வண்டி பங்காருப்பேட்டையை நெருங்கியது. நான் அவரிடம் போனேன். அன்றைக்குப் போனில் பேசியது தப்புங்க என்றேன். சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னேன்.

"வுடுங்க டீச்சர்," என்றார். டிபன் பையைக் கை மாற்றிக்கொண்டு, "எனக்கு ரேங்க் கார்டுதான் படிக்கத் தெரியும். நாங்க படிச்சப்போ அது ஒண்ணுதானே காட்டுவாங்க," என்றார்.

அவ்வளவுதான். டி.சி. பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. பிள்ளைகளை எண்ணி எண்ணி இறக்குவதற்குள் வண்டி அவரைக் கொண்டுபோய்விட்டது.

அடுத்த வாரம் வருடத்தின் கடைசி நாள். அன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப் போய், ஜூனில் உட்காரப் போகிற ஆறாம் வகுப்பு அறையைக் காட்டுவது எங்கள் பள்ளி வழக்கம். அந்தப் பெண்ணைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் முடிவு செய்வதற்குள் அவளே வரிசையில் வந்து நின்றுவிட்டாள். 

அறைக்குள் மற்ற பிள்ளைகள் ஜன்னலுக்கும் போர்டுக்கும் ஓடினார்கள். அவள் நேராக முன் வரிசைக்குப் போனாள். யூனிபார்ம் பாக்கெட்டிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்தாள். நீலக் கட்டம் போட்டது. ஜன்னலோர இருக்கையில் விரித்து, சுருக்கம் போகக் கையால் நீவிவிட்டாள்.

"எங்கப்பா போடச் சொன்னாரு மிஸ்."

வேறு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த இருக்கையைச் சுற்றி வழி விட்டு நின்றார்கள்.  ஏதாவது கேட்க வேண்டுமே என்று, அப்பாவுக்கு நாளைக்கு வண்டியில் போட என்ன இருக்கிறது என்று கேட்டேன். அம்மா புதுசாக ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

கீழே ஆபீசுக்குப் போய், அந்த டி.சி.யை ரத்து செய்யுங்கள் என்றேன். பெற்றோரிடமிருந்து கடிதம் வேண்டுமே மேடம் என்றார் கிளார்க். அவரும் இந்த ஊர்க்காரர். எங்கள் பள்ளிக்கு வரும் முன் பதினோரு வருடம் அதே வண்டியில் போய் வந்தவர். கடிதம் இல்லை, மேலே ஆறாம் வகுப்பில் அவர் கைக்குட்டை போட்டுவிட்டார் என்று சொன்னேன். கிளார்க் வேறெதுவும் கேட்கவில்லை. ஃபைலை எடுத்தார், சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

ஏப்ரலும் மேயும் பள்ளி பூட்டிக் கிடந்தது. பெருக்கித் துடைக்கும் ஆயாம்மா வாரம் ஒருமுறை வந்து, சயனைடு மேட்டுத் தூசியை எல்லா அறையிலும் தட்டிவிட்டுப் போவார். ஜூனில் முதல் நாள் நான் மாடிக்குப் போய் ஆறாம் வகுப்புக் கதவைத் திறந்தேன். பெஞ்ச் துடைத்துச் சுத்தமாக இருந்தது. கைக்குட்டை போட்ட இடத்திலேயே இருந்தது.